ஞாயிற்றுக்கிழமை ஊசி

என் கை நடுங்காது. திருப்பூரில் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டருக்கு அதுதான் முதல் மூலதனம். துணியை அடுக்கி, மேலே அட்டையை வைத்துக் கோடு போட்டு, பெரிய கத்தரியை உள்ளே விட்டால் மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நூலளவு வித்தியாசம் வரக் கூடாது. என் வெட்டில் வந்ததில்லை. அந்தக் கையால்தான் என் மனைவியின் தம்பிக்கு நான்கு வருஷம் ஊசி போட்டேன். நான் டாக்டர் இல்லை, கம்பவுண்டர் இல்லை, எட்டாங்கிளாசைத் தாண்டாதவன். அப்படி ஒரு காரியத்தை நானா செய்தேன், அதை வீட்டில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டா இருந்தார்கள் என்று இதை எழுதும்போதுகூட எனக்குத் திகைப்பாகத்தான் இருக்கிறது.

அறுபதுகளின் பின்பாதி அது. நாங்கள் தலைமுறை தலைமுறையாகத் தறி நெய்தவர்கள். தறிக்குழியை விட்டு ஏறி பனியன் கம்பெனிக்குள் நுழைந்த முதல் ஆட்களில் நான் ஒருவன். கல்யாணமான மறு வருஷமே மச்சினனையும் அதே கம்பெனியில் சேர்த்துவிட்டேன். பனியனை மடித்து அட்டைப் பெட்டியில் வைக்கிற வேலை. சாதுவான பையன். யார் எது சொன்னாலும் "ஆகட்டுங்க" என்பான். ஆள்தான் ஒல்லி. ஒல்லி என்றால் சாதாரண ஒல்லி இல்லை, சட்டையைக் கழற்றினால் விலா எலும்பை எண்ணிவிடலாம்.

பனியனுக்கு நெஞ்சளவில் அங்குலம் போய் சென்டிமீட்டர் வந்திருந்த சமயம். எண்பதிலிருந்து மேலே ஆம்பிளைகள் சைஸ். எழுபத்தைந்து என்றால் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு. இருபத்து மூன்று வயதில் அவன் எழுபத்தைந்தில் நின்றான். கம்பெனியில் அவனுக்கு 'எழுபத்தஞ்சு' என்றே பேர். அந்தப் பேரை வைத்த புண்ணியவான் நான்தான். அவன் சிரித்துக்கொள்வான். அந்தச் சிரிப்பை நான் ரொம்பக் காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒல்லியாக இருப்பது அவன் வீட்டில் வெறும் கேலி விஷயம் இல்லை. என் மாமனார் இருமி இருமியே செத்தவர். காசநோய் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஊருக்கு மட்டும் தெரியும். அதனால் பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் அவன் முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்த்தார்கள். முதல் வீட்டார் ஜாதகம் பொருந்தவில்லை என்று நாகரிகமாகச் சொன்னார்கள். இரண்டாவது வீட்டில் பெண்ணின் மாமன் நேராகவே, "மாப்பிள்ளைக்கு ராத்திரில இருமல் ஏதாச்சும் வருதுங்களா?" என்று கேட்டுவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தான். ஊர் வந்து இறங்கியதும், "மச்சான், இதுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்றான். எனக்குச் சுருக்கென்றது. எழுபத்தைந்து என்று நான்தானே ஊரெல்லாம் கூப்பிட வைத்தேன்.

வழி அரிசி மில்லுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. கோயமுத்தூரில் ஒரு பெரிய டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர் அங்கே ஒரு அறை பிடித்து பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவரும் மறுத்ததில்லை. நல்ல மனுஷர், அதுதான் கொடுமை. காய்ச்சலுக்குப் போனால் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் பேசுவார். மச்சினனைச் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைத் தட்டிப் பார்த்தார். நெஞ்சில் சீக்கு ஒன்றுமில்லை, சத்துதான் இல்லை என்றார். அலமாரியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே இளமஞ்சளாக எண்ணெய் மாதிரி இருந்தது. ஆம்பிளைக்கு ஆம்பிளைத்தனத்தைக் கொடுக்கிற சத்தையே பிழிந்து எடுத்து ஊசியில் வைத்திருக்கிறார்கள், சீமையில் பயில்வான்கள் போட்டுக்கொள்வது என்றார். கூடவே சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகள். ஊசி பதினைந்து நாளைக்கு ஒன்று, மாத்திரை தினம் இரண்டு வேளை.

மூன்று மாதத்தில் நடந்ததை என் டேப்பே நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மாமியார் வீட்டுக்குப் போவேன். கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும், எனக்கு அது பூணூல் மாதிரி. மச்சினனைக் கூப்பிட்டு மூச்சை இழுக்கச் சொல்லி நெஞ்சை அளப்பேன். எழுபத்தெட்டு. எண்பத்து ஒன்று. எண்பத்து ஐந்தைத் தொட்ட அன்று என் மனைவி பாயசம் வைத்தாள். அவனும் சும்மா இல்லை, கருங்கல்லைத் தூக்கினான், தண்டால் எடுத்தான், ஒரே வேளையில் ஐந்து முட்டை தின்றான். தோள் ஏறியது, கழுத்து தடித்தது. என் மாமியார் அவனுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார்.

கம்பவுண்டருக்கு வெளியூர் போகிற வேலை அதிகம். ஒரு தடவை நாள் தவறிவிட்டது. அப்போதுதான் என் கையைப் பார்த்துவிட்டு, உங்கள் கைக்கு இது ஒரு வேலையா என்று சிரித்தபடி எனக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தார். கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிக்கிற தண்ணீரில் போடணும். இடுப்புக்குக் கீழே வெளிப்பக்கமாக மேல் மூலையில் குத்தணும். மருந்து எண்ணெய் மாதிரி கெட்டியாக இருக்கிறதால் மெதுவாகத்தான் இறக்கணும். இரண்டு தடவை அவர் பார்க்கப் போட்டேன். சபாஷ் என்று ஒரு தகர டப்பாவில் குழலும் ஊசியும் வைத்துக் கொடுத்தார். கையில் கறிப்பையோடு அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நடந்து போவேன். தெருவில் பார்க்கிறவர்கள் என்னையும் டாக்டரே என்று கேலி பண்ணுவார்கள். எனக்கு உள்ளூரப் பெருமை.

நிறுத்திப் பார்க்காமல் இல்லை. கம்பவுண்டர் சொன்ன ஒரு சுற்று ஊசி முடிந்ததும் நிறுத்தினோம். இரண்டு மாதத்தில் அவன் சோர்ந்துபோனான், காற்றுப் போன டயர் மாதிரி தோள் இறங்கியது. ஈரத்தில் இழுத்த பனியன் துணி காய்ந்தால் சுருங்கத்தான் செய்யும், அது எனக்குத் தொழிலிலேயே தெரியும். ஆனால் அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. மறுபடி ஆரம்பித்தோம். அதே நேரத்தில்தான் முதலாளியின் கண் அவன் மேல் விழுந்தது. புதுசாக ஒரு ரகம் போடுகிறார், பெட்டி மூடியில் படம் வேண்டும். வெளியூரிலிருந்து பயில்வானைக் கூட்டிவருவானேன், வீட்டிலேயே ஒருவன் இருக்கிறானே என்று இவனைப் பனியன் போட்டுக் கையை மடக்கி நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். பெயிண்டர் ஒருவர் அதைப் பார்த்துக் கன்னத்தில் கொஞ்சம் சிவப்புக் கூட்டி வரைந்தார். ஆயிரக்கணக்கான மூடிகள் அச்சாகி வந்தன. தன் படம் போட்ட பெட்டிக்குள்ளேயே அவன் பனியனை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். எழுபத்தஞ்சு என்ற பேர் ஒழிந்தது. இப்போது அவன் 'பெட்டிக்காரன்'.

அந்த மூடிதான் கல்யாணத்தையும் முடித்தது. தரகர் ஜாதகத்தோடு பெட்டி மூடி ஒன்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மங்கலம் பக்கம் போனார். தறி வைத்திருந்த குடும்பம், ஒரே பெண். அவள் அப்பா மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இருமலைப் பற்றிக் கேட்கவே இல்லை. கல்யாணப் பந்தலில் ஊர்ப் பிள்ளைகள் மாப்பிள்ளையைப் பார்த்து, கையை மடக்கிக் காட்டச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள். பெண் குனிந்த தலை நிமிராமல் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் உறவு முறையில் அவளுக்கு நான் அண்ணன். வந்த மறுநாளே, கூடப் பிறந்தவனைக் கூப்பிடுகிற மாதிரி "வாங்கண்ணா" என்றாள். எனக்குத் தங்கை கிடையாது. நான் அவளை "அம்மிணி" என்று கூப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊசிக்கு அதற்குப் பிறகு தண்ணீர் காய வைத்துக் கொடுத்தது அவள்தான். என்ன ஊசி என்று கேட்டாள். சத்து ஊசி, வைட்டமின் என்றேன். அவள் அடுப்பில் பித்தளைச் சட்டியை வைத்து, குழலும் ஊசியும் முழுகத் தண்ணீர் ஊற்றி, கொதித்ததும் துணியால் பிடித்து என் முன்னால் கொண்டுவந்து வைப்பாள். சுத்தமான பெண். சட்டியை அதற்கென்றே தனியாக வைத்திருந்தாள்.

கோளாறுகள் தெரியாமல் இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு சமாதானம் தயாராக இருந்தது. முதுகெல்லாம் பெரிய பெரிய பரு வந்தது, சூடு என்றோம். அதிர்ந்து பேசாத பையன் கம்பெனியில் ஒரு தையல்காரனைப் பளாரென்று அறைந்தான், ஆம்பிளைக்கு ரோஷம் வந்துவிட்டது என்று நானே சொன்னேன். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் வீசினானாம். அந்த அடையாளத்தை அம்மிணி சுண்ணாம்பு அடித்து மறைத்தாள், எனக்குச் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் அவன் வெட்டு மேசைக்குத் தனியாக வந்து, தனக்கு நெஞ்சுப் பக்கம் இரட்டைத் துணி வைத்து இறுக்கமாக ஒரு பனியன் வெட்டித் தரச் சொன்னான். எதற்கு என்றால், மாரில் கட்டி மாதிரி இருக்கிறது, வலிக்கிறது, சட்டைக்கு மேல் தெரிகிறது என்றான். கம்பவுண்டரைக் கேட்டேன். சதை பிடிக்கிறது, நல்லதுதான் என்றார். நான் வெட்டிக் கொடுத்தேன். ஆறு பனியன். கேலிகூடப் பண்ணினேன் என்று நினைக்கிறேன். வருஷம் தவறாமல் தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடி எடுக்கிறவன் அந்த வருஷம் எடுக்கவில்லை, முழங்கால் வலி என்று சொல்லிவிட்டான். காவடி எடுக்கிறவன் வெற்று மேலோடு நிற்கணும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

கல்யாணமாகி ஒரு வருஷம் போயிற்று, குழந்தை இல்லை. இரண்டாவது வருஷம் என் மாமியாரின் வாய் திறந்தது. காவடி நின்றுபோனதால்தான் முருகன் கண் திறக்கவில்லை என்றார் முதலில். பிறகு அந்தப் பழி மெல்ல அம்மிணி மேல் நகர்ந்தது. அவள் சஷ்டி விரதம் ஆறு நாளும் பச்சைத் தண்ணீரில் இருந்தாள். "சட்டியில இருந்தாத்தானுங்களே அகப்பையில வரும்" என்று மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம் அவள் காதில் விழவே சொன்னார். என் மனைவியும் அம்மாவோடு சேர்ந்துகொண்டாள். அவளுக்குத் தம்பி உயிர். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தது அவளுக்கு ஒரு தைரியத்தைக் கொடுத்தது போல.

மச்சினனை நினைத்து எனக்குக் கவலை வந்தது. அவன் பேரில் குற்றம் இருக்கும் என்று யாருமே நினைக்கவில்லை, நானும்தான். பெட்டி மூடியில் நிற்கிறவனுக்கா குறை? இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று கம்பவுண்டரிடம் போய்ப் பேசினேன். அவர் யோசித்துவிட்டு, "பயிர் வரலைன்னா உரத்தக் கூட்டித்தானுங்க போடணும்" என்றார். பதினைந்து நாளுக்கு ஒன்று என்பது வாரத்துக்கு ஒன்றானது. மாத்திரை மூன்று வேளை ஆனது. குழந்தை வேண்டும் என்பதற்காகத்தான், இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு குழந்தை வேண்டும் என்பதற்காகத்தான் நான் வாரம் தவறாமல் போனேன்.

மூன்றாவது வருஷம் அம்மிணியைக் கோயமுத்தூரில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். வயிற்றைச் சுரண்டிச் சுத்தம் பண்ணினால் தங்கும் என்றார்கள். ஆடியில் ஒரு தடவை. பலன் இல்லை. பங்குனியில் இன்னொரு தடவை. போய்விட்டு வரும்போது முகம் வெள்ளைத் துணி மாதிரி இருக்கும். புருஷனையும் ஒரு தடவை பார்க்கட்டுமே என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த லேடி டாக்டர் சொல்லி அனுப்பியதாகவும், என் மாமியார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றும் பிற்பாடு தெரிந்தது.

அந்தச் சித்திரையில் மச்சினனுக்குக் கண் மஞ்சளாயிற்று. கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தோம். பத்தியம் இருந்தான். மஞ்சள் இறங்கவில்லை, உடம்பெல்லாம் அரிப்பு, சோறு பிடிக்கவில்லை. பயந்துபோய்க் கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். என்ன மருந்து சாப்பிடுகிறான் என்று கேட்பார்கள் என்று மாத்திரை டப்பாவையும் ஊசிக் குப்பி ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டேன். படித்தவன் மாதிரி எல்லாம் எடுத்து வைத்தேன்.

டாக்டர் என் வயதுக்காரர், வாட்டசாட்டம் இல்லாத மெல்லிய மனுஷர். குப்பியில் இருந்த எழுத்தைப் படித்தார். மாத்திரையைக் கையில் கொட்டிப் பார்த்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். நான்கு வருஷம் என்றேன். அவர் என்னைத் திரும்பப் பார்த்து, நாளா வருஷமா என்று கேட்டார். வருஷம் என்றேன். மச்சினனைத் திரைக்குப் பின்னால் கூட்டிப் போய்ச் சட்டை, பனியன், வேட்டி எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். நான் வெட்டிக் கொடுத்த இரட்டைத் துணிப் பனியனைப் பெஞ்சின் மேல் போட்டார்கள். திரை முழுசாக மூடவில்லை. அவன் இரண்டு கையையும் மார்பின் குறுக்கே வைத்து மூடிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். வயசுக்கு வந்த பெண் மாதிரி நின்றான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவனைப் பார்த்து இல்லை, அவன் மறைக்க முயன்ற விதத்தைப் பார்த்து.

என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். ஈரல் கெட்டிருக்கிறது, அது மாத்திரை செய்த வேலை, நல்லவேளை இப்போதே வந்தீர்கள் என்றார். ரத்தக் கொதிப்பு இந்த வயதில் இருக்கக் கூடாத அளவு இருக்கிறது என்றார். பிறகு, குழந்தைகள் எத்தனை என்று கேட்டார். இல்லை, அதற்காகத்தான் ஊசியைக் கூட்டிப் போட்டோம் என்றேன். அவர் கையில் இருந்த குப்பியை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார்.

"நீங்க என்ன தொழில் பண்றீங்க?" என்றார்.

பனியன் கம்பெனி என்றேன்.

"வெளியில இருந்து சரக்கு ரெடியா வந்து கொட்டிக்கிட்டே இருந்தா, உங்க முதலாளி சொந்த மிஷினை ஓட்டுவாரா? நிறுத்திடுவாரில்ல? உடம்பும் அதைத்தான் பண்ணியிருக்கு. இவருக்கு விதையே சுருங்கிப்போச்சு. இந்த ஊசி போடற வரைக்கும் இவருக்குக் குழந்தை பிறக்காது."

புருஷன் பெண்டாட்டி உறவில் ஒரு குறையும் தெரியாது, அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வராது, உள்ளே வித்து மட்டும் இருக்காது என்று விளக்கினார். மிச்சமான ஊசி மருந்தை உடம்பே பெண்களுக்குரியதாக மாற்றிக்கொள்ளும், அதுதான் மார் வளர்ந்திருக்கிறது என்றார். எல்லாவற்றையும் நிறுத்தினால் ஒரு வருஷத்தில், இரண்டு வருஷத்தில் வித்து திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், மார் தானாக வற்றாது என்றார். கடைசியாக, யார் அந்த ஊசியைப் போட்டது என்றார். நான்தானுங்க என்றேன். அவர் திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை, குப்பியை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது. எனக்கு ஒரே ஒரு நினைப்புதான் திரும்பத் திரும்ப வந்தது. குழந்தை வேண்டும் என்று கோயில் கோயிலாகப் போன வீட்டில், குழந்தை வராமல் தடுக்கிற மருந்தை ஞாயிறு தவறாமல் நான் கறியோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். முன்பின் தெரியாத எதிரிகூட இத்தனை ஒழுங்காகச் செய்திருக்க மாட்டான்.

அன்று பஸ்ஸில் மச்சினன் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊட்டுல சொல்லிப்போடாதீங்க மச்சான். செத்துப்போயிருவேன்" என்றான். சொல்ல மாட்டேன் என்றேன். ஊர் பூராவும் கடைகளில் அவன் படம் அடுக்கி வைத்திருக்கிறது. இதை எப்படிச் சொல்வது? அவனுக்காகத்தான் சொல்லவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பாதி பொய். எனக்காகவும்தான்.

மஞ்சள் காமாலைக்கு ஊசி ஆகாது, நிறுத்திவிட்டோம் என்று வீட்டில் சொன்னோம். தகர டப்பாவை நொய்யல் ஆற்றில் வீசினேன். கம்பவுண்டரிடம் போய்ச் சட்டையைப் பிடித்தேன். அவர் உண்மையிலேயே திகைத்துப்போனார், இப்படி இருக்குமா என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவருக்கும் தெரியாது. பெரிய டாக்டர் ஒருவர் எவனுக்கோ எதற்கோ ஒரு தடவை எழுதிக் கொடுத்ததைப் பார்த்து வைத்துக்கொண்டு அத்தனை பேருக்கும் போட்டிருக்கிறார். சந்தில் இன்னும் நாலைந்து பையன்கள் அதே ஊசிக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனுக்குப் பதினெட்டு வயதுகூட இருக்காது, கையை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கத்தியதில் அவர்கள் எழுந்து போனார்கள். மறுவாரம் திரும்ப வந்திருப்பார்கள்.

இப்படி நாற்பது நாள் போயிற்று. அதற்குள் என் மாமியார் தாராபுரம் பக்கம் ஒரு பெண்ணைப் பேசிவிட்டார். சொந்தத்தில் கால் ஊனமான பெண், இரண்டாந்தாரமாகக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள், ஆவணி பிறந்ததும் முடித்துவிடலாம். அம்மிணி உடம்பு தேற ஆறு மாதம் மங்கலத்தில் அப்பா வீட்டில் இருக்கட்டும் என்று பேச்சு. ஆறு மாதம் என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மச்சினன் இதற்கும் வாய் திறக்கவில்லை. ஊசி நின்றதும் அவன் முழுசாக உடைந்திருந்தான், பகலெல்லாம் படுத்துக் கிடந்தான். பழைய "ஆகட்டுங்க" திரும்பி வந்திருந்தது.

அவள் போக வேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலை நான் வெறுங்கையோடு போனேன். நடையில் தகரப் பெட்டி தயாராக இருந்தது. அவள் அப்பா மத்தியானம் வண்டியோடு வருவதாக இருந்தது. மாமியார் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார், என் மனைவி முன்தினமே வந்து தங்கியிருந்தாள். அம்மிணி புதுச் சேலை கட்டிச் சுவரோரமாக நின்றாள். என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் "வாங்கண்ணா" என்றுவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள், தண்ணீர் வைப்பதற்கு. ஊசி நின்றுபோனதே அந்தக் கணம் அவளுக்கு மறந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

நின்றபடியே சொன்னேன். எந்த ஊசி, என்ன மாத்திரை, டாக்டர் சொன்னது, விதை சுருங்கியது, மார் வளர்ந்தது, எல்லாவற்றையும். ஒரு குறையும் அவளிடம் இல்லை, இருப்பதெல்லாம் இவனிடம், அதையும் செய்தவன் நான் என்றேன். என் மாமியார் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, என் மகன் ஆம்பிளை இல்லை என்கிறீர்களா என்று எழுந்து வந்தார். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள், அப்படி அவள் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. உள்ளே கட்டிலில் படுத்திருந்தவன் எழுந்து வந்தான். அம்மாவைப் பார்த்து, "மச்சான் சொல்றது நெசந்தானுங்கம்மா" என்றான். பிறகு சட்டையை அவிழ்த்தான், அந்த இறுக்கமான பனியனையும் தலைவழியாகக் கழற்றினான். என் மாமியார் பார்த்தார். சத்தம் போடாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

அம்மிணி அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அழவில்லை.

"ஏனுங்கண்ணா, பங்குனியில ரெண்டாந்தடவ எனக்கு வயித்தச் சொரண்டுனாங்களே, அந்த வாரமும் ஊசி போட்டீங்களா?"

"போட்டேன் அம்மிணி" என்றேன்.

"அன்னிக்கு என்னால எந்திரிக்கவே முடியலீங்க. நீங்க வந்து நின்னீங்கன்னு செவுத்தப் புடிச்சுட்டு எந்திரிச்சு வந்து தண்ணி காய வெச்சேன்." அடுப்படிப் பக்கம் பார்த்தாள். "மூணு வருசமா அதுக்குத் தண்ணி காய வெச்சது நானுங்களே."

அவள் நடைக்குப் போய்த் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கொண்டியைத் திறக்கிற சத்தமும் சேலைகளைக் கொடியில் போடுகிற சத்தமும் கேட்டன. மத்தியானம் அவள் அப்பா வந்தபோது, உடம்பு சரியாகிவிட்டது என்று அவளே சொல்லி, சோறு போட்டு அனுப்பிவைத்தாள். புருஷனின் சங்கதியை அவர் காதுக்கு அன்றும் கொண்டுபோகவில்லை, அதற்குப் பிறகும் இல்லை.

அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து டாக்டர் சோதித்துப் பார்த்து, கொஞ்சம் திரும்பியிருக்கிறது, போதாது என்றார். மூன்றாம் வருஷமும் அதையே சொன்னார். அதற்குப் பிறகு அவர்கள் போகவில்லை. மச்சினன் எண்பது சைஸுக்கு இறங்கி அங்கேயே நின்றான். ஈரல் தேறியது. மார் தேறவில்லை. திருப்பூர் வெயிலில் சட்டையைக் கழற்றாத ஒரே ஆம்பிளை அவன்தான். மூடிப் படத்தை மாற்றச் சொல்லி முதலாளியிடம் ஒரு தடவை கேட்டான். ஓடுகிற லேபிளை யாராவது மாற்றுவானா என்று அவர் சிரித்தாராம். மேலும் பத்து வருஷத்துக்கு அந்த மூடி வந்தது. மங்கிய வண்ணத்தில் கையை மடக்கி நிற்கிற தன்னையே பார்த்தபடி அவன் அந்தப் பெட்டிகளில் பனியன் மடித்து வைத்தான்.

நான் இப்போதும் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். கதவைத் திறக்கிறவள் அவள்தான். வாங்க, உக்காருங்க, காப்பி குடிங்க, எல்லாம் உண்டு. எங்கள் ஊர் மரியாதையில் ஒரு குறையும் வைக்க மாட்டாள். பால்காரர் அவளுக்கு அண்ணா, பஸ் கண்டக்டர் அண்ணா, ரேஷன் கடையில் வரிசையில் நிற்கிற முன்பின் தெரியாதவர்கூட அண்ணா. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்னை ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரை நானே கழுவி வைத்துவிட்டு வருவேன்.